"நன்மைக்குத் தீமை செய்தால் வீட்டைவிட்டுத் தீமை நீங்காது" என்று பைபிள் சொல்வதன் பொருள் என்ன?

இது நீதிமொழிகள் 17:13. உதவியவருக்கே கேடு செய்தால், அந்தக் கேடு, அதைச் செய்தவன் குடும்பத்திலேயே தங்கிவிடும் என்று பொருள்.

ஏன் வீட்டைச் சொல்கிறது? ஏற்காட்டில் காபித் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சில்வர் ஓக் நிழலில்தான் செடி நிற்கும். அந்த மரத்திலேயே மிளகுக்கொடியும் ஏறியிருக்கும். மரத்தை வெட்டி விற்றால் காசு கைக்கு வரும். ஆனால் பங்குனி வெயிலில் காபி இலை விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். புதுக்கன்று வைத்தாலும் நிழல் விழ வருஷங்கள் ஆகும். உதவிய மனிதரும் அப்படித்தான். அவரை வெட்டிவிட்டால் அடுத்த கஷ்டத்தில் எந்தக் கதவைத் தட்டுவது? பிள்ளைகளும் அதையே பார்த்து வளர்வார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

பைபிளில் நாபால் என்ற செல்வன், தன் மந்தையைக் காத்த தாவீதின் ஆட்களுக்கு உணவு தர மறுத்தான். அவன் நன்மைக்குத் தீமை செய்துவிட்டான் என்று கொதித்தவர், பிறகு இஸ்ரவேலின் ராஜாவான தாவீது. அவரே பின்னாளில் தன் விசுவாசமான போர்வீரன் உரியாவைச் சாகக் கொடுத்தார். பட்டயம், அதாவது வாள், உன் வீட்டைவிட்டு விலகாது என்று தாவீதிடம் சொன்னார் நாத்தான் தீர்க்கதரிசி. தாவீதின் மகன் அம்னோனை இன்னொரு மகன் அப்சலோமே கொல்லச் செய்தான். பிறகு அப்சலோமும் கொல்லப்பட்டான்.

துன்பம் தொடரும் வீட்டில் யாரோ நன்றி மறந்திருப்பார்கள் என்று வசனத்தைத் திருப்பிப் படிக்காதீர்கள். குற்றமில்லாதவர் என்று பைபிளே சொல்லும் யோபுவின் மகன் வீடும் இடிந்து விழுந்தது.