அதே பெயர், வேறு ஆள்: காப்புரிமைப் பதிவுகளில் உங்களுடையதை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கேள்வி: நான் பேட்டரி தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கும் பொறியாளர். கண்டுபிடிப்பாளராக என் பெயர் உள்ள காப்புரிமைகள் இரண்டு. என் பெயரிலேயே இன்னொருவர் மருத்துவக் கருவித் துறையில் இருக்கிறார். அவருக்கு இருபதுக்கும் மேல். இணையத்தில் தேடினால் இருவருடையதும் கலந்து வருகின்றன. என் ஆய்வாளர் பக்கத்திலும் அவருடையவை தானாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு நேர்காணலில், "இவ்வளவு காப்புரிமைகளை ஏன் விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை?" என்று கேட்டார்கள். அவை என்னுடையவை அல்ல என்றேன். "அப்படியானால் இந்த இரண்டு மட்டும் உங்களுடையவை என்று எப்படி நம்புவது?" என்றார்கள். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: கேட்க எரிச்சலாக இருந்தாலும் அந்த இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். விண்ணப்பத்துக்கு ஓர் எண் உண்டு, வழங்கப்பட்ட காப்புரிமைக்கு ஓர் எண் உண்டு. கண்டுபிடித்த ஆளைக் குறிக்க, வெளியாகும் ஆவணங்களில் பொதுவாக எந்த எண்ணும் இருப்பதில்லை. பெயர் மட்டும்தான். எனவே பெயரைத் தட்டித் தேடினால் அந்தப் பெயர் கொண்ட எல்லோரும் வருவார்கள். அவர்களில் நீங்கள் யார் என்று சொல்வது தேடுபொறியின் வேலை அல்ல.

பெயரை நம்ப முடியாது என்பதற்கு இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை எண் 5,255,452, 1993 அக்டோபர் 26-இல் வழங்கப்பட்டது. மேடையில் விழாமல் உடலை முன்பக்கம் வெகுவாகச் சாய்த்து நிற்க உதவும் காலணி பற்றியது. கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர் பெயர் மைக்கேல் ஜே. ஜாக்சன். அவர் பாடகர் மைக்கேல் ஜாக்சன்தான் என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மென்பொருள் வடிவமைப்பு முறைகளுக்குப் பெயர்பெற்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் ஒருவரும் மைக்கேல் ஏ. ஜாக்சன்தான். இணைக் கண்டுபிடிப்பாளர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் இருவரும் அந்தப் பாடகரின் ஆடை வடிவமைப்பாளர்கள்.

மறுபக்கம், ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் பெயரில் தேடினால் அவருடைய புகழ்பெற்ற காப்புரிமை அகப்படாது. 1942 ஆகஸ்ட் 11-இல் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து, அலைவரிசையை மாற்றி மாற்றி ரகசியச் செய்தி அனுப்பும் முறைக்காக அவர் பெற்ற 2,292,387 எண் கொண்ட காப்புரிமையில் இருக்கும் பெயர் ஹெடி கீஸ்லர் மார்க்கி. பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், விண்ணப்பித்த காலத்துக் கணவரின் பெயரும் சேர்ந்தது அது. திரைப்பெயர் எங்கும் இல்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு ஆவணத்தின் முதல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். பல நாடுகளின் அலுவலகங்கள் பொதுவாகப் பின்பற்றும் குறியீடு அது; மொழி தெரியாத ஆவணத்தையும் அதை வைத்துப் படிக்கலாம். 72 கண்டுபிடிப்பாளர். 71 விண்ணப்பதாரர். 73 காப்புரிமை யாருக்கு வழங்கப்பட்டதோ அவர். வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். 51 தொழில்நுட்ப வகைப்பாடு. 30 முன்னுரிமை விவரம், அதாவது இதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் எங்கே, எப்போது விண்ணப்பித்தார்கள் என்பது. அமெரிக்க ஆவணங்களில் கண்டுபிடிப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் அவர் வசித்த ஊரும் இருக்கும்.

இவற்றில் எதை அதிகம் நம்பலாம்? என் வரிசையில் முதலிடம் இணைக் கண்டுபிடிப்பாளர்களுக்கு. ஒரே பெயருடைய இருவர், ஒரே மூன்று சக ஊழியர்களோடு சேர்ந்து விண்ணப்பிப்பது அரிதிலும் அரிது. அடுத்தது நிறுவனமும் ஆண்டும் சேர்ந்த இணை. நீங்கள் ஒரு நிறுவனத்தில் இருந்த காலமும், அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள விண்ணப்பத்தின் தேதியும் பொருந்த வேண்டும். வேலையை விட்ட பிறகும் சில ஆண்டுகள் பழைய நிறுவனத்தின் பெயரில் உங்களுக்குக் காப்புரிமை வந்துகொண்டிருக்கும். அதனால் வழங்கிய தேதியைப் பார்க்காமல் முன்னுரிமைத் தேதியைப் பாருங்கள். ஊர் உதவும், ஆனால் மனிதர்கள் இடம் மாறுகிறார்கள்.

தொழில்நுட்ப வகைப்பாட்டைத்தான் பலரும் முதலில் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் துறை ஹெச்01எம் என்ற வகையில் வரும், அவருடையது ஏ61-இல் தொடங்கும் வகைகளில் வரும், வேலை முடிந்தது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். உடலுக்குள் பொருத்தும் இதயத் துடிப்புக் கருவிக்கும் பேட்டரி வேண்டும். அப்படி ஒரு காப்புரிமை ஏ61என், ஹெச்01எம் இரண்டிலும் நிற்கும். அதை எழுதியவர் நீங்களாகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டன்ட்ஸ்வியூ தரவுத்தளம் பெயர், ஊர், இணைக் கண்டுபிடிப்பாளர், நிறுவனம், வகைப்பாடு ஆகியவற்றை வைத்து, எந்தக் காப்புரிமைகள் ஒரே ஆளுடையவை என்று கணிக்கிறது. ஆனால் அது கணிப்புதான். உங்கள் இருவரையும் பிணைத்துவிட இப்படி ஓர் இரட்டை வகைப்பாட்டு ஆவணமே போதும்.

செய்யும் முறை இதுதான். உறுதியாக உங்களுடையது என்று தெரிந்த ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இணைக் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களோடு உங்கள் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய இரண்டு தேடுதளங்களிலும் இது இலவசம். கிடைப்பதில் புதிய கூட்டாளி யாராவது இருந்தால் அவரையும் சேர்த்து அடுத்த சுற்று. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே உங்கள் பட்டியல் முடிகிறது. பெயரைத் தலைப்பெழுத்தோடு, விரிவாக, குடும்பப் பெயர் முன்னால், பின்னால் என்று எல்லா வடிவிலும் போட்டுப் பாருங்கள். ஒரே ஆளின் பெயரே இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டப்பட்டிருப்பது சாதாரணம்.

அப்புறம் அந்த "இருபதுக்கும் மேல்" விஷயம். எனக்கு இந்த எண்ணிக்கைகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒரே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் விண்ணப்பித்தால் நான்கு ஆவணங்கள், சர்வதேச விண்ணப்பம் ஒன்று சேர்ந்தால் ஐந்து. இவை ஒரே குடும்பம். எஸ்பாசெநெட் குடும்பம் குடும்பமாகவே சேர்த்துக் காட்டும். அப்படிப் பார்த்தால் இருபது என்பது ஐந்தாறாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை. எண்ணின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே, காப்புரிமை அல்ல. பி1 அல்லது பி2 என்றால் வழங்கப்பட்டது. டபிள்யூஓ என்று தொடங்குவது சர்வதேச விண்ணப்பம். "உலகக் காப்புரிமை" என்று ஒன்று கிடையவே கிடையாது, யார் சுயவிவரத்தில் எழுதியிருந்தாலும் சரி. சீன ஆவணத்தில் யு என்று முடிந்தால் அது பயன்பாட்டு மாதிரி. முழு ஆய்வு இல்லாமல் வழங்கப்படுவது, ஆயுள் 10 ஆண்டு. வழங்கப்பட்டது உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். மேலே சொன்ன மேடைக் காலணிக் காப்புரிமையே கட்டணம் கட்டப்படாமல் 2005-இல் காலாவதியானதுதான்.

சரி, உங்கள் இரண்டையும் நிரூபிப்பது எப்படி? விண்ணப்பித்தபோது நீங்கள் கையெழுத்திட்ட இரண்டு தாள்கள் நினைவிருக்கிறதா பாருங்கள். ஒன்று, கண்டுபிடித்தது நான்தான் என்ற உறுதிமொழி. இன்னொன்று, உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்த ஆவணம். அமெரிக்க விண்ணப்பமாக இருந்தால் உறுதிமொழி இருக்கும் கோப்பு, விண்ணப்பம் வெளியான பிறகு அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டர் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும். உரிமை மாற்றப் பதிவுகளைத் தேட தனிப் பக்கம் இருக்கிறது. உங்கள் கையெழுத்து, தேதி, அப்போதைய நிறுவனம் மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். இதோடு அந்தக் காலத்துப் பணி அனுபவச் சான்றையும் வைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தாள்கள் கையில் இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கையாண்ட காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

இந்தத் தாள்களைவிட நேர்காணலில் எளிதாக எடுபடுவது ஒன்று இருக்கிறது: அந்தக் காப்புரிமையின் முதல் உரிமைக்கோரலை, அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதியை, உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கி, அதில் உங்கள் பங்கு எது, கூட்டாளியின் பங்கு எது என்று சொல்வது. பெயர் மட்டும் ஒத்துப்போகும் ஒருவரால் இதைச் செய்ய முடியாது. அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் போதும்.

இனி சுத்தம் செய்யும் வேலை. கூகுள் ஸ்காலர் பக்கத்தில், புதிய படைப்புகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை மாற்றி, முதலில் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்கும்படி வையுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அவருடைய காப்புரிமைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடுங்கள். "நானா சேர்த்தேன், தானாக வந்ததுதானே" என்று விட்டுவைப்பது நல்லதல்ல. பார்ப்பவருக்கு அது நீங்கள் உரிமை கோருவதாகவே படும். லிங்க்ட்இன்னில் காப்புரிமைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் நாமாக எழுதுவதுதான், யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் எண்ணையும் ஆவணத்தின் இணைப்பையும் கட்டாயம் கொடுங்கள்.

ஆர்கிட் எண் இல்லையென்றால் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் இயங்கும் இந்த 16 இலக்க அடையாளம் ஆய்வாளர்களுக்கு இலவசம். கட்டுரைகளோடு காப்புரிமைகளையும் அதில் சேர்க்கலாம். இதிலும் காப்புரிமையை நாமேதான் பதிய வேண்டும் என்பதால் இதைச் சான்றாக நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் பட்டியல் எது என்று நீங்களே அறிவித்த ஓர் இடம் இருக்கும், மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கலாம்.

காப்புரிமை ஆவணத்திலேயே உங்கள் பெயர் தவறாக அச்சாகியிருந்தால் கதை வேறு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே திருத்தக் கோரலாம். வழங்கிய பிறகு அமெரிக்காவில் திருத்தச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. இன்னொருவருக்கு உங்கள் பெயரே இருப்பது பிழை அல்ல, அதற்கு எந்த அலுவலகமும் எதையும் திருத்தாது. அடுத்த விண்ணப்பத்தில் நடுப்பெயரை அல்லது தலைப்பெழுத்தின் விரிவை முழுதாக எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒருமுறை தேர்ந்த வடிவத்தையே கட்டுரைகளிலும் பணி ஆவணங்களிலும் தொடருங்கள்.

நீங்களே ஒருநாள் நேர்காணல் மேசையின் எதிர்ப்பக்கம் உட்காரலாம். அதற்காக ஒன்று சொல்கிறேன். ஒருவர் சொல்லும் காப்புரிமை தேடலில் கிடைக்கவில்லை என்றால் உடனே பொய் என்று முடிவுகட்டாதீர்கள். விண்ணப்பங்கள் பொதுவாக முதன்முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து 18 மாதம் கழித்தே வெளியாகும், அதுவரை எந்தத் தளத்திலும் இருக்காது. ஐரோப்பிய விண்ணப்பத்தில் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கண்டுபிடிப்பாளர் எழுதிக் கொடுக்கவும் இடமுண்டு. திருமணத்துக்கு முந்தைய பெயரில் இருக்கலாம். விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கி எண்ணிக்கையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம்தான் கவனம் தேவை.

உங்கள் சுயவிவரத்தில் "இரண்டு காப்புரிமைகள்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண், தலைப்பு, வழங்கிய ஆண்டு, இணைக் கண்டுபிடிப்பாளர்கள், அப்போதைய நிறுவனம் என்று ஒரு வரி போடுங்கள். கீழே, "மருத்துவக் கருவித் துறையில் இதே பெயரில் உள்ள கண்டுபிடிப்பாளர் வேறு ஒருவர்" என்று சேர்த்துவிடுங்கள். முடிந்தால் அவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் இரண்டும் அவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அவரும் எங்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.