பார்வை தெளிவாக இருக்கிறதே, விழித்திரையைப் படம் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்புதான் கண்ணாடிக்குப் பவர் பார்த்தேன். இப்போது விழித்திரையைப் படம் எடுத்து வரும்படி டாக்டர் சொல்கிறார். அவசியமா? அதற்குப் போடும் சொட்டு மருந்து கண்ணைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

மருத்துவர் பதில்: அவசியம்தான். இந்த எட்டு வருடத்தில் ஒரு முறைகூட எடுத்ததில்லை என்றால் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பவர் பார்ப்பது வேறு, விழித்திரையைப் பார்ப்பது வேறு. போர்டில் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்துக் காட்டியவர்களின் விழித்திரையில் ரத்தக் கசிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகி, அங்கங்கே புடைத்துக் கசியும். கசிவு நடுப்பகுதியான மாகுலாவைத் தொடாதவரை உங்களுக்கு எதுவும் தெரியாது, வலியும் இருக்காது.

படத்தைத் திரையில் போட்டால் ஆரஞ்சு நிறப் பரப்பு தெரியும். ஒரு பக்கம் வெளிர் மஞ்சளாக நரம்பு வட்டம், அதிலிருந்து கிளை பிரியும் குழாய்கள். அவற்றுக்கு நடுவே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் தேடுவோம். ஓரிரு புள்ளிகள் மட்டும் என்றால் கண்ணுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்தால் போதும். மாகுலா வீங்கியிருந்தால், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன், தேவைப்பட்டால் கண்ணுக்குள் ஊசி. புதுக் குழாய்கள் முளைத்திருந்தால் லேசர் அல்லது ஊசி. பெரும்பாலும் லேசர் இருக்கிற பார்வையைத்தான் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. நன்றாகத் தெரியும்போதே வரச் சொல்வது இதனால்தான்.

சரி, சொட்டு மருந்து. அது கண்மணியை விரிக்கிறது, அவ்வளவுதான். சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், அப்புறம் சரியாகிவிடும். அன்று நீங்களே வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருப்பதாக டாக்டர் யாராவது முன்பே சொல்லியிருந்தால் மட்டும் மருந்து போடுமுன் தெரிவித்துவிடுங்கள். சொட்டு இல்லாமலே எடுக்கும் கேமராக்களும் உண்டு. ஆனால் கண்மணி சிறியதாக இருந்தாலோ கண்புரை இருந்தாலோ படம் மங்கலாக வரும். படம் சரியாக வரவில்லை என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில இடங்களில் கம்ப்யூட்டரே படத்தைப் படித்து முடிவு சொல்கிறது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் இப்படிப்பட்ட ஒரு மென்பொருளுக்கு அனுமதி தந்தது. கண் டாக்டரிடம் யார் போக வேண்டும் என்று பிரித்துக் காட்ட அது நல்ல துணை. முழுக் கண் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

இன்னொன்று. நீண்ட காலம் எகிறிக் கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கினால், ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச காலம் கூடலாம். இன்சுலினோ புது மருந்தோ தொடங்குவதாக இருந்தால் அதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். இறக்குவதை நிறுத்த வேண்டாம், கண்ணையும் கவனித்துக்கொண்டு இறக்க வேண்டும்.

படம் நன்றாக இருந்தாலும் பொதுவாக வருடம் ஒரு முறை எடுப்பது நல்லது. பழைய படத்தின் பிரதியைக் கையோடு கொண்டு போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இடையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.