சமையலறைக்குப் போய் ‘எதுக்கு வந்தேன்?’ என்று நிற்கிறார் 70 வயது அப்பா. இது அல்சைமர் என்ற மறதி நோயின் ஆரம்பமா, மூளையில் என்ன மாறுகிறது?

அப்பா ரிட்டயர் ஆனவர், வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும், பேரப்பிள்ளைகள் வேறு கத்திக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் மகளும் இதே கேள்வியைக் கேட்டாள். என்னிடம் இல்லை, டாக்டரிடம், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே.

நான் டாக்டர் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவள். ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூர் நம்பரைச் சுழற்றும் எஸ்டிடி எல்லா ஊருக்கும் வராத காலம் அது. காதில் வெளியூர் ஆபரேட்டர், எதிரே போர்டில் மினுக்கும் இன்னொரு லைன், கையில் டிக்கெட், தலைக்குள் இரண்டு மூன்று நம்பர், எது அர்ஜென்ட், எது ஆர்டினரி, குறிப்பிட்ட ஆளையே லைனுக்கு அழைக்கும் பி.பி. காலில் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். இப்போது ஓடிபி வந்தால் ஆறு எண்ணையும் பார்த்துவிட்டு பேங்க் ஆப்புக்குத் திரும்புவதற்குள் கடைசி இரண்டு போய்விடுகிறது. அதைப் பார்த்துத்தான் மகள் பயந்துபோய் என்னைக் கூட்டிப் போனாள்.

அங்கே கதவு திறந்தே இருந்தது. வெளியே டோக்கன் நம்பரைக் கத்துகிறார்கள், டிவி ஓடுகிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86 என்று சொன்னேன், அதற்குள் நர்ஸ் ஏதோ ரிப்போர்ட்டோடு உள்ளே வந்து பேச, அடுத்தது வரவில்லை. மகள் முகம் சுருங்கியது. “கதவைச் சாத்துங்க டாக்டர், முதல்லேருந்து சொல்றேன்” என்றேன். சாத்தினார். 65 வரை நிற்காமல் போனேன், அவரே போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். (‘பாட்டி கூகுள் பார்த்து எழுதுகிறார்’ என்று கமென்ட் போட ஒருவர் வருவார். ஆமாம், பார்த்துத்தான் எழுதுகிறேன், நீங்கள் என்ன கருவிலேயே கற்றீர்களா?) ஒரு விஷயத்தைச் சில நொடி மனசில் பிடித்துவைத்து அதை வைத்து வேலை செய்வதற்கு வொர்க்கிங் மெமரி என்று பெயர். அதில் பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு. கண்முன் இருந்த பொருள் மறைந்த பிறகும் அங்கே சில நரம்பணுக்கள் விடாமல் துடித்துக்கொண்டே அதைத் தாங்கிப் பிடிக்கும். யேல் பல்கலைக்கழகத்தார் 2011-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், வயதான குரங்குகளுக்கு இந்தத் துடிப்பு தளர்ந்திருந்தது. அணுக்கள் செத்துப்போகவில்லை, சுற்றியுள்ள ரசாயனச் சூழல்தான் மாறியிருந்தது. குவான்ஃபசின் என்ற மருந்தை அங்கே செலுத்தியதும் துடிப்பு ஓரளவு திரும்பியது. குரங்கில்தான், உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்.

என் கதவு விஷயத்துக்கு நேரான பதில் 2005-ல் கஸாலி என்பவர் குழு செய்த ஆய்வில் கிடைத்தது. முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஒன்றை மட்டும் நினைவில் வை, மற்றதை விட்டுவிடு என்றார்கள். வேண்டியதைக் கவனிப்பதில் 60 தாண்டியவர்களின் மூளைக்கும் இளையவர்களின் மூளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேண்டாததை அடக்குவதில்தான் சறுக்கல், அதுவும் நினைவு மங்கலாக இருந்த முதியவர்களிடம். ஆக, உள்ளே இடம் குறைந்துபோனது மட்டும் காரணமில்லை, கூப்பிடாத விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரியவர்களைச் சந்தைக்கடைக்கு நடுவில் உட்காரவைத்துப் பரிசோதித்துவிட்டு மறதி என்று முத்திரை குத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ரேஷன் கடையிலும் இதே கதிதான். பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரலை அந்த மெஷின் ஏற்காது, உடனே பின்னால் நிற்பவர் “பாட்டிக்கு விரல் வைக்கத் தெரியலை” என்பார். சரி, அது வேறு கதை.

அல்சைமரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எதற்கு வந்தோம் என்று நின்று, திரும்ப ஹாலுக்குப் போனதும் ஞாபகம் வந்துவிட்டால் பெரும்பாலும் வயதுதான். நேற்று வீட்டுக்கு வந்துபோன தங்கையை, நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகும், வரவே இல்லை என்றால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், தெரிந்த தெருவில் வழி தவறினால் தாமதிக்காமல் காட்டுங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள், தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அடங்கக் கொடுக்கும் சில மருந்துகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பும்.

காதையும் சோதியுங்கள். பேச்சு என்னவென்று புரிந்துகொள்ளவே மூளை பாடுபட்டால் பேசியதைப் பிடித்துவைக்கத் தெம்பு மிஞ்சாது. காது கேட்கும் கருவி வேண்டாம் என்று அப்பா சண்டை போடுவார், விடாதீர்கள். எனக்கு வைத்த பிறகு நன்றாகவே கேட்கிறது, மருமகன் பேசுவது மட்டும்தான் இன்னும் புரியவில்லை, அவர் வாய்க்குள்ளேயே பேசுகிறார், அதற்கு இன்னும் யாரும் கருவி செய்யவில்லை.