தண்டுவடத்தில் அடிபட்ட தம்பிக்கு அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், வீல்சேர் வீட்டுக்குள் நுழையாது

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்ச வேண்டாம், மறுவாழ்வுப் பிரிவின் சமூகப் பணியாளரிடம் போய், டாக்டர், பிசியோ, நர்ஸ் எல்லோரும் உட்காரும் குடும்பக் கூட்டம் ஒன்று கேளுங்கள், அதுவும் எழுத்தில்.

"பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது" என்று முதல் நாள் யாரோ சொன்னது, கேஸ் ஷீட்டில் "வீடு தயார்" என்று ஏறியிருக்கலாம். இப்படி ஆவதுண்டு.

கூட்டத்துக்கு முன்பே வீல்சேரின் அகலத்தைக் கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து அளந்து, குளியலறைக் கதவோடு ஒப்பிடுங்கள். திறப்பு 80 செ.மீ.க்குக் குறைந்தால் சிரமம்தான். போட்டோவும் எடுங்கள், வாய்ப்பேச்சை விட அது வேலை செய்யும்.

அப்புறம், தம்பியின் தண்டுவடக் காயம் டி6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேலே என்றால், சிறுநீர்க் குழாய் அடைத்தாலே ரத்த அழுத்தம் எகிறி, தலை வெடிக்கிற மாதிரி வலி வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அதைச் சமாளிக்க நர்ஸிடம் கற்றுக்கொள்ளாமல் எந்தத் தேதிக்கும் தலையாட்டாதீர்கள்.