பழகுநர் லைசென்ஸில் விழும் புள்ளிகள்: லண்டன் சாரதிப் பயிற்றுநர் பதில் சொல்கிறார்

வணக்கம். வடமேற்கு லண்டனில் 14 ஆண்டுகளாகக் கார் ஓட்டப் பழக்கி வருகிறேன். இன்று தண்டப் புள்ளிகளைப் பற்றி, அதாவது வீதிக் குற்றங்களுக்காக லைசென்ஸில் பதியும் புள்ளிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குரியது. நான் சட்டத்தரணி இல்லை. நீதிமன்றக் கடிதம் வந்தவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி (ஹரோ, ஒரு தாய்): அண்ணா, மகனுக்கு 19 வயது, புரொவிஷனல் லைசென்ஸ்தான், அதாவது பழகுநர் லைசென்ஸ்தான் இருக்கிறது. நாங்கள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த இரவு, என் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பழகுநர் என்று காட்டும் எல் பலகையும் போடவில்லை. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதால் பொலிஸார் மறித்துவிட்டார்கள். எல்லாக் குற்றத்தையும் கூட்டினால் 12 புள்ளி வரும், லைசென்ஸ் போய்விடும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: தங்கச்சி, அவர் கூட்டியது சரி. ஆனால் அப்படிக் கூட்டுவதில்லை.

லைசென்ஸ் நிபந்தனையை மீறி ஓட்டியதற்கு 3 முதல் 6 புள்ளி. அதன் குறியீடு எல்.சி. 20. பக்கத்தில் தகுதியுள்ள மேற்பார்வையாளர் இல்லாததும் எல் பலகை இல்லாததும் இதற்குள் அடங்கும். தனியாகப் போனதால் காப்புறுதி செல்லாமல் போயிருந்தால், காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு 6 முதல் 8. அதன் குறியீடு ஐ.என். 10. சிவப்பு விளக்குக்கு 3. மிகக் குறைந்ததை எடுத்துக் கூட்டினாலும் 12 வருகிறது. உங்கள் சொந்தக்காரர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டம், 28ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரே சந்தர்ப்பத்தில் புள்ளி விழக்கூடிய பல குற்றங்கள் செய்திருந்தால், அவற்றில் எதற்கு அதிகப் புள்ளியோ அது மட்டும்தான் கணக்கு. காப்புறுதிக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 6 முதல் 8க்குள் ஒரு தொகை விழும், அவ்வளவுதான். நீதிமன்றம் விரும்பினால் இந்த விதியை விலக்கிக் கூட்டவும் முடியும். அப்படிச் செய்தால் காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தண்டப்பணத்துக்கு இந்தச் சலுகை இல்லை, ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனியாக வரலாம்.

"ஒரே சந்தர்ப்பம்" என்றால் ஒரே நாள் இல்லை. மாலை 6 மணிக்கு ஒரு பிழை, வீட்டுக்கு வந்து மறுபடியும் போய் 9 மணிக்கு இன்னொரு பிழை என்றால் அவை இரண்டு சந்தர்ப்பங்கள். ஒரே வீதியில் சில நிமிட இடைவெளியில் இரண்டு கமராவில் பட்டால் என்ன என்பதை நீதிமன்றம்தான் அந்தந்த விவரத்தைப் பார்த்து முடிவு செய்யும்.

இப்போது நான் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். காப்புறுதியில் மகனின் பெயர் இருக்கிறதா? இருந்தால், பழகுநர் தனியாக ஓட்டுவதைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? இன்றிரவே எடுத்துப் படியுங்கள். சாவியை நீங்கள் கொடுத்தீர்களா, அவனாக எடுத்தானா என்பதும் முக்கியம். காப்புறுதியில்லாதவரை ஓட்ட அனுமதித்த கார் உரிமையாளருக்கும் 6 முதல் 8 புள்ளி உண்டு. நடந்ததை நடந்தபடியே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): பழகுநருக்குப் புள்ளியே போட முடியாது, லைசென்ஸ் எடுத்த பிறகுதான் போடுவார்கள் என்கிறார்களே?

பதில்: தவறு. பழகுநரின் பச்சை அட்டையிலும் புள்ளி விழும்.

கேள்வி (லெஸ்டர், 20 வயது): அண்ணா, புரொவிஷனலில் எனக்கு 3 புள்ளி இருக்கிறது. போன மாதம் பரீட்சையில் தேறி, முழு லைசென்ஸான இளஞ்சிவப்பு அட்டை வந்துவிட்டது. பழைய 3 புள்ளி அழிந்திருக்கும்தானே?

பதில்: அழியாது தம்பி, உங்களோடுதான் வந்திருக்கிறது. உங்கள் வயதில் இருப்பவர்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

புதிய சாரதிகளுக்கென்று 1995இல் ஒரு சட்டம் இயற்றி, 1997 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பரீட்சையில் தேறிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்யும் குற்றத்தால் மொத்தம் 6 புள்ளியை எட்டினால், லைசென்ஸ் வழங்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ. லைசென்ஸை ரத்துச் செய்துவிடும். எழுத்துப் பரீட்சை, ஓட்டுப் பரீட்சை இரண்டையும் மறுபடி எழுத வேண்டும். அந்த 6இல் உங்கள் பழைய 3உம் சேரும். புள்ளியே இல்லாத ஒரு நண்பனுக்கு ரத்தாக 6 புள்ளி விழ வேண்டும், உங்களுக்கு இன்னும் 3 போதும். 30 மைல் வேக எல்லையுள்ள வீதியில் வேகமாகப் போய் ஒரு கமராவில் பட்டால் போதும்.

பார்க்கப்படுவது குற்றம் செய்த நாள். வழக்கை இழுத்து 2 ஆண்டைத் தாண்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இந்த ரத்து நீதிபதி தரும் தண்டனை இல்லை, தானாக நடப்பது. அதனால் "வேலை போய்விடும்" என்று மன்றாடுவதற்கும் இடமில்லை. ரத்தானாலும் மறுபடி புரொவிஷனல் எடுத்து, எல் பலகை போட்டு, தகுதியுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். மறுபடி தேறும்போது புள்ளிகள் அப்படியே இருக்கும்.

கேள்வி (கார்டிஃப், கோயம்புத்தூர் மாணவன்): சார், சி.பி.டி. என்ற அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்து மோப்பட்டில் உணவு டெலிவரி செய்கிறோம். என் அறை நண்பனை ஒரே வாரத்தில் இரண்டு முறை போலீஸ் பிடித்துவிட்டது. முதல் முறை சிக்னலில் நின்றபடி ஆர்டர் பார்க்க மொபைலைக் கையில் எடுத்ததற்கு. இரண்டாம் முறை, இன்சூரன்ஸ் டெலிவரிக்குச் செல்லாது என்று. ஒரே வாரம் என்பதால் பெரிய புள்ளி மட்டும்தானே எடுப்பார்கள்?

பதில்: இல்லை தம்பி. மேலே ஹரோ தங்கச்சிக்குச் சொன்ன விதி இங்கே உதவாது. இரண்டு நாள், இரண்டு சந்தர்ப்பம். கைத்தொலைபேசிக்கு 6 புள்ளியும் 200 பவுணும். 2017 மார்ச்சிலிருந்து இந்தத் தொகைதான். சிவப்பு விளக்கில் நின்றாலும் ஓட்டுவதாகவே கணக்கு. காப்புறுதிக்குக் குறைந்தது 6. மொத்தம் 12. மூன்று ஆண்டுக்குள் செய்த குற்றங்களால் 12 சேர்ந்தால் குறைந்தது 6 மாதம் ஓட்டத் தடை. புரொவிஷனல் என்றாலும் தடை தடைதான். தடைக் காலத்தில் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்தும் ஓட்ட முடியாது.

தடை தந்தால் அசாதாரணமான இடர் வரும் என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். "வேலைக்குப் போக முடியாது" என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. சட்டத்தரணி இல்லாமல் போக வேண்டாம்.

உங்களுக்கும் சொல்கிறேன். சாதாரண மோப்பட் காப்புறுதி வீட்டுக்கும் வகுப்புக்கும் போய்வரத்தான். கூலிக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோக அதற்கென்று காப்புறுதி வேண்டும். பெட்டியை முதுகில் மாட்டிய நிமிடத்திலிருந்து உங்களிடம் காப்புறுதி இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சி.பி.டி. 2 ஆண்டுதான் செல்லும், திகதியைப் பாருங்கள். மாணவர் விசாவில் இந்த வேலை செய்யலாமா என்பதைக் குடிவரவுச் சட்டத்தரணியிடம் உடனே கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி (சரே): புரொவிஷனலில் வாங்கிய புள்ளி, பாஸ் ஆனதும் போய்விடுமா?

பதில்: போகாது. லெஸ்டர் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (வெம்பிளி): என் பெயரில் உள்ள கார் வேகக் கமராவில் பட்டு, யார் ஓட்டியது என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஓட்டியது மகன், புரொவிஷனல், தனியாகப் போயிருக்கிறான். எனக்கு 25 வருட லைசென்ஸ், ஒரு புள்ளியும் இல்லை. நான் ஓட்டினேன் என்று நிரப்பினால் 3 புள்ளி, 100 பவுணோடு முடிந்துவிடும். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பேனையைக் கீழே வையுங்கள்.

வெம்பிளி: படம் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. யார் ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

குரொய்டனிலிருந்து இன்னொருவர்: பெற்ற பிள்ளையைத் தகப்பன் காப்பாற்றாமல் வேறு யார் காப்பாற்றுவது? எத்தனை வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

கிறிஸ் ஹியூன் என்றொரு அரசியல்வாதி. 2003இல் அவருடைய கார் வேகக் கமராவில் பட்டது. மனைவி விக்கி பிரைஸ் தான் ஓட்டியதாகச் சொல்லிப் புள்ளியை வாங்கிக்கொண்டார். ஹியூன் மந்திரியான பிறகு, 2011இல், அது வெளியே வந்தது. 2013இல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை. நீதியின் போக்கைக் குழப்பியது என்பதுதான் குற்றச்சாட்டு. மூன்று புள்ளிக் கதை 8 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. கமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பதால் நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட பொய் உண்மையாகிவிடாது.

குரொய்டன்: அவர் மந்திரி, அதனால் பிடிபட்டார். நம்மை யார் தேடுவார்கள்?

லூட்டனிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, நான் சொல்லலாமா? என் தம்பிக்காக அப்பா இப்படி எழுதிக் கொடுத்தார். பிடிபடவில்லை. ஆறு மாதத்தில் தம்பி மறுபடியும் தனியாக எடுத்துக்கொண்டு போய் ஒரு சுவரில் மோதினான். இடுப்பில் இன்னும் தகடு இருக்கிறது.

பதில்: நன்றி தங்கச்சி. இதைச் சொல்வது எளிதில்லை என்று தெரியும்.

நான் கண்டதையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பழகிய ஒரு பையனின் வீட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவம் கிடந்தது, பக்கத்தில் தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. தகப்பன் தன் பெயரில் மூன்று எழுத்தை எழுதிவிட்டு, "மிச்சத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லுங்கள்" என்றார். நான் சொல்லவில்லை. வெகுநேரம் யாரும் பேசவில்லை. பையன்தான் எழுந்து வந்து பேனையை வாங்கி, அந்த மூன்று எழுத்தை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதினான். அவனுக்கு 6 புள்ளியும் தண்டப்பணமும் வந்தன. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. ஆனாலும் அவன் மறுபடி என்னிடம் வந்து பழகி, பரீட்சையில் தேறினான்.

வெம்பிளி அண்ணா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மகனின் பெயரை எழுதினால் அது புரொவிஷனல் என்று தெரியும், பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்பார்கள், வேகத்தோடு மற்றக் குற்றங்களும் வரும். வரட்டும். எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்தவை, 28ஆம் பிரிவு அவனுக்கும் பொருந்தும். படிவத்தைத் திருப்பி அனுப்ப 28 நாள் இருக்கிறது, அதற்குள் சட்டத்தரணியைப் பாருங்கள். பதில் அனுப்பாமல் விடுவது தனிக் குற்றம். அதற்கு உங்கள் லைசென்ஸில்தான் 6 புள்ளி விழும்.

குரொய்டன்காரருக்கு: இதற்கு மேல் இந்த வாதத்தைத் தொடர மாட்டேன்.

கேள்வி (சவுத்ஹோல்): யாழ்ப்பாணத்தில் 20 வருடம் வான் ஓட்டினேன். இங்கே வந்து ஒன்றரை வருடம். மருமகளுக்கு நான் பக்கத்தில் இருந்து பழக்கலாமா?

பதில்: முடியாது ஐயா. பக்கத்தில் இருப்பவர் 21 வயதைத் தாண்டியவராக, பிரித்தானியா அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடு போன்ற, பட்டியலில் உள்ள நாட்டு முழு லைசென்ஸை 3 ஆண்டு வைத்திருந்தவராக, அதே வகைக் காரை ஓட்டத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். இலங்கை லைசென்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிட அவசரம், உங்கள் இலங்கை லைசென்ஸில் நீங்களே இங்கே ஓட்டக்கூடியது குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான். அது முடிந்துவிட்டது. இப்போது ஓட்டுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். உங்கள் காப்புறுதியும் கேள்விக்குறிதான்.

கேள்வி (இல்ஃபோர்ட்): என் 16 வயது மகனுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அது விளையாட்டுச் சாமான்தானே?

பதில்: வீதியில் அது மோட்டார் வாகனம். சொந்த ஸ்கூட்டரை வீதியிலோ நடைபாதையிலோ ஓட்டக் கூடாது. காப்புறுதி இல்லை என்று 6 புள்ளி போடலாம். லைசென்ஸே எடுக்காத பிள்ளைக்கும் டி.வி.எல்.ஏ. ஒரு பதிவைத் திறந்து அதில் புள்ளியை எழுதி வைக்கும். 17 வயதில் கார் பழக வரும்போது அது அங்கே இருக்கும்.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் ஊரில் பழகுநருக்கு எத்தனை புள்ளி, சார்?

பதில்: அங்குள்ள பயிற்றுநரைக் கேளுங்கள். இந்தக் கணக்கை அங்கே போட வேண்டாம்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): பாஸ் ஆனதும் பழைய புள்ளி அழியுமா அண்ணா?

பதில்: மூன்றாவது முறை இதே கேள்வி. அழியாது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குற்றம் செய்த நாளிலிருந்து 4 ஆண்டு பதிவில் இருக்கும், அதில் முதல் 3 ஆண்டு 12க்கான கணக்கில் சேரும். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (ஹரோ, அதே தாய்): அண்ணா, காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். மகனின் பெயர் இருக்கிறது. ஆனால் கீழே, லைசென்ஸ் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓட்டும்போது மட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. சாவியை அவன்தான் அலுமாரியிலிருந்து எடுத்தான். அவனே இப்போது பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறான்.

பதில்: அந்த வரி உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் ஐ.என். 10 நிற்குமா இல்லையா என்பதைச் சட்டத்தரணி பார்ப்பார். அது நிற்காவிட்டால் 6 முதல் 8 என்ற இடத்தில் 3 முதல் 6 என்று இறங்கும். பொலிஸார் தந்த தாள், காரை எடுத்துப் போயிருந்தால் அதன் ரசீது, இவற்றையும் கொண்டுபோங்கள். காரை மீட்கத் தாமதிக்க வேண்டாம், வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும்.

தம்பி, நீ வாசிக்கிறாய் என்பதால் சொல்கிறேன். சட்டத்தரணியிடம் அம்மாவைத் தனியாக அனுப்பாதே, நீயும் போ. வழக்கு முடிந்து தடை இல்லையென்றால் எனக்கு எழுது. ஹரோவில் சனிக்கிழமை காலை எனக்கு ஒரு மணி நேரம் ஒழிவிருக்கிறது.