மாமியாரின் மூட்டு வலி என் மனைவியின் போனுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: எதையும் தேடவில்லை, வீட்டில் வாயால் பேசியதோடு சரி. மறுநாளே அதே பொருளுக்கு விளம்பரம் வருகிறது. போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறதா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு சண்டையாகவே நடந்து முடிந்திருக்கிறது. அதிலிருந்தே சொல்கிறேன்.

மாமியாருக்கு மூட்டு வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியோடு உட்கார்ந்திருந்தபோது, மாடிப்படி ஏறவே முடிவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முட்டிக்கு உறை மாட்டலாமா, தைலம் தேய்க்கலாமா என்று நாங்கள் பேசினோம். யாரும் போனைத் தொடவில்லை, மனைவியின் போன் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. திங்கள் காலை அதே போனில் முட்டி உறை, பச்சைத் தைலம், மறுபடி முட்டி உறை என்று வரிசையாக விளம்பரம்.

"ஏனுங்க, நேத்து நாம பேசுனத இது கேட்டிருக்குதுங்க" என்று சொல்லி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் மைக் மூடிக்கொள்ளுமா என்று நான் கேட்டேன். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர்களுக்குத் தேவை இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, படித்து முடித்தால் தெரியும்.

விளம்பரத்தின் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் 'இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது' என்று ஒரு வரி வரும். தொட்டுப் பார்த்தேன். முப்பது வயதுக்கு மேற்பட்டவர், தமிழ்நாட்டில் இருப்பவர் என்று இருந்தது. பொய் இல்லை. "ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் "கை இருந்தது, அடித்தேன்" என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. சரி, இது சொல்லாது என்று வீட்டிலேயே விசாரித்தேன்.

சனிக்கிழமை மச்சினன் வந்திருந்தான். அம்மாவுக்கு முட்டி உறை வாங்கலாம் என்று இரண்டு கடைச் செயலிகளில் விலை பார்த்திருக்கிறான். எங்கள் வீட்டு வைஃபையில்தான். அதற்கு முந்தைய வாரம் மாமியாரை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனபோது இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். மனைவியின் போனும் கூடவே காத்திருந்தது, இருப்பிடம் காட்டும் வசதி ஆன் செய்தபடி. கடைசியாக மாமியாரையே கேட்டேன். "நான் ஒண்ணும் தேடலைங்க மாப்பிள்ளை. அதுவா வந்துச்சு, பார்த்தேன்" என்றார். மகளின் போனில், முட்டி வலிக்கான உடற்பயிற்சி வீடியோ. ஒன்று இல்லை, நான்கு. முழுசாக.

பேசியதோடு சரி என்று நாங்கள் சத்தியமே செய்திருப்போம். கணக்கெடுத்தால் பேச்சைத் தவிர எல்லாமே நடந்திருக்கிறது.

எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்டாப்பில் இருக்கும் டீக்கடைக்காரர் "காலா, இடுப்பா?" என்று கேட்பார். அவர் உங்கள் வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டவரா என்ன? இந்தக் கம்பெனிகள் செய்வதும் டீக்கடைக்காரர் வேலைதான். அவருக்கு ஒரு பஸ் ஸ்டாப், இவர்களுக்கு எல்லா ஸ்டாப்பும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கணக்கைப் பாருங்கள். பேச்சை எவ்வளவு சுருக்கினாலும், புரியும்படி அனுப்ப நொடிக்கு 24 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 260 எம்பி வரும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவனுக்கு, ஒன்றும் செய்யாமலே ஆறில் ஒரு பங்கு காணாமல் போனால் ஊரே கூடிவிடாதா? போனுக்குள்ளேயே பேச்சை எழுத்தாக்கி அனுப்பலாமே என்பீர்கள். "ஹே சிரி" என்று ஐபோனின் குரல் உதவியாளரைக் கூப்பிடுவது மாதிரி ஒன்றிரண்டு சொல்லுக்குக் காத்திருக்க ஒரு சின்ன சில்லு போதும். எல்லாச் சொல்லையும் நாள் பூராவும் புரிந்துகொள்ளப் பார்த்தால் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு 12 முதல் மைக் ஓடினால் திரையின் மேலே பச்சைக் குறி வரும். ஐபோனில் 2020-லிருந்தே ஆரஞ்சுப் புள்ளி.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியது ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது. சில செயலிகள், பயன்படுத்துகிறவரின் திரையில் நடப்பதைப் படமாகவோ வீடியோவாகவோ பிடித்து வேறொரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தன. காதைப் பற்றி நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது கண் வேலை செய்துகொண்டிருந்தது.

அதே 2018 ஏப்ரலில் அமெரிக்க செனட்டில் பேஸ்புக் முதலாளி மார்க் சக்கர்பெர்க்கிடம் இதை நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்றார். அவர் சொன்னால் நம்பிவிடுவதா என்றால், வேண்டாம். எனக்கு அவர் பேச்சை விட அவர் கம்பெனியின் அழுகைதான் பெரிய சாட்சி. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐபோனில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது: 'இந்தச் செயலி உங்களைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடரலாமா?' நிறையப் பேர் வேண்டாம் என்று தட்டிவிட்டார்கள். அந்த ஒரு கேள்வியால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. மொத்த வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி அது. வீட்டுக்கு வீடு மைக் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு ஏன் அழ வேண்டும்? பின்தொடர்வதுதான் அவர்களுக்குச் சோறு. அதில் கை வைத்ததும் வலித்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024-ல் காக்ஸ் மீடியா குரூப் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விற்பனை ஸ்லைடுகள் வெளியே வந்தன. சுற்றிலும் பேசுவதைக் கேட்டு விளம்பரம் காட்டுவோம் என்று அதில் பீற்றியிருந்தார்கள். செய்தி வந்ததும் கூகுள் தன் கூட்டாளிகள் பட்டியலிலிருந்து அந்தக் கம்பெனியை நீக்கியது. அது உண்மையில் அப்படிக் கேட்டதா, வியாபாரம் பிடிக்க அளந்துவிட்டதா என்றால், நான் இரண்டாவது பக்கம். விளம்பரம் விற்கிறவன் தன் சரக்குக்கும் விளம்பரம்தானே செய்வான். சிரி கதை வேறு. கூப்பிடாமலே விழித்துக்கொண்டு சிரி பேச்சைப் பதிந்தது என்ற வழக்கில் 9.5 கோடி டாலர் தருவதாக ஆப்பிள் சமரசத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் செய்தி வெளியானது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, அந்தப் பதிவுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றும் சொன்னது. ஆகவே மைக் ஒரு பாவமும் அறியாதது என்று நான் சொல்ல வரவில்லை. தைல விளம்பரத்துக்கு அது காரணமில்லை என்கிறேன்.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம், கடையின் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். மச்சினன் சென்னிமலையில் பெட்ஷீட், ஜமக்காளம் விற்கிறான். போன தீபாவளிக்கு இணையத்தில் விளம்பரம் போடலாம் என்றான், நான்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு 300 ரூபாய். திரை கேட்கிறது: எந்த ஊர், சுற்றி எத்தனை கிலோமீட்டர், ஆணா பெண்ணா, என்ன வயது, எதில் ஆர்வம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்தது, உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இருந்தால் ஏற்றுங்கள் என்று. பில் புத்தகத்திலிருந்து அவன் எக்செல்லில் அடித்து வைத்திருந்த நம்பர்கள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். ஏற்றினான். நம்பர்களை அப்படியே அனுப்பாமல் குறியீடாக மாற்றித்தான் அனுப்பும். ஆனாலும் பொருத்திப் பார்ப்பதற்கு அது போதும். அப்புறம், இவர்களைப் போலவே இருப்பவர்களுக்கும் காட்டட்டுமா என்றது. காட்டு என்றான்.

எனக்கு அன்றைக்குச் சுருக்கென்றது. அந்த ஆயிரத்து நூறு பேரும் பெட்ஷீட் வாங்க வந்தவர்கள். பில் போடும்போது நம்பர் கேட்டிருக்கிறான், சொல்லியிருக்கிறார்கள். யாருக்காவது தெரியுமா? மாமியாருக்கு மருந்து வாங்கும் கடையில், செருப்புக் கடையில், மளிகைக் கடையில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? கையெழுத்துப் போடுவதற்கு யோசிக்கிற என் அப்பா, பத்து இலக்கத்தைப் பக்கத்தில் நிற்கிற இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார்.

அப்புறம் நடப்பது ஏலம். ஈரோட்டு மஞ்சள் ஏலம் பார்த்திருப்பீர்கள். சாம்பிளைத் தட்டில் வைப்பார்கள், வியாபாரிகள் ஒரு விரலியை ஒடித்துப் பார்த்து விலை போடுவார்கள். நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது, பக்கம் முழுசாகத் தெரிவதற்குள், ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அப்படியொரு ஏலம் முடிந்துவிடுகிறது. இங்கே சாம்பிள் நாம். கோவை, பெண், நாற்பதுக்குள், ஆண்ட்ராய்டு, சமீபத்தில் முட்டி வலி வீடியோ. இதில் யார் அதிகம் கொடுக்கிறானோ அவன் படம் வரும். ஏலக்கடையே கூகுளுடையதாக இருந்தால் என்ன ஆகும் என்பது தனிக்கதை. விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் சில பகுதிகளில் அது சட்டவிரோதமாக ஏகபோகம் செய்தது என்று 2025 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது.

நம் மனசின் பங்கும் இதில் உண்டு. அன்றைக்கு மனைவியின் போனில் வந்த மற்ற விளம்பரங்கள் என்ன என்று கேட்டேன். ஒன்று கூட ஞாபகமில்லை. பல்லி சொல்லி நடந்தது மட்டும்தான் நினைவில் நிற்கும், சும்மா கத்திய பல்லிகளை யார் எண்ணுகிறார்கள்? நான் பிறந்ததிலிருந்து ரம்மி ஆடியதில்லை, பேசியதும் இல்லை. ஆனாலும் வருடக் கணக்கில் ரம்மி விளம்பரம்தான் என்னைத் துரத்தியது. தமிழ்நாட்டில் 2023-ல் தடைச் சட்டம் வந்தும், ரம்மி திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் போய் நழுவிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தோடு அதன் விளம்பரத்தையும் சேர்த்துத் தடை செய்தது. அத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, போன் என் பேச்சைக் கேட்டு இவனுக்குச் சீட்டே பிடிக்காது என்று தெரிந்துகொண்டதா? பிரிட்ஜ் வாங்கிய பிறகு இரண்டு மாதம் பிரிட்ஜ் விளம்பரமே வந்தது. கேட்கிறவனாக இருந்தால் "அப்பாடா, வாங்கியாச்சு" என்று நான் சொன்னதும் கேட்டிருக்க வேண்டுமே.

என்ன செய்யலாம் என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், நான் செய்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் விளம்பரங்கள் என்று போனால் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி இருக்கிறது, அழித்தேன். டார்ச் லைட், கால்குலேட்டர் வகையறாக்களுக்குக் கொடுத்திருந்த இருப்பிட, தொடர்புப் பட்டியல் அனுமதிகளைப் பிடுங்கினேன். விளம்பரம் குறையவில்லை. பொருத்தமில்லாத விளம்பரம் வருகிறது, இப்போது எனக்கு டிராக்டர் காட்டுகிறார்கள். மனைவியின் போனை நான் தொடவில்லை, அவளுக்கு அந்த மைக் மீதுதான் இன்னமும் சந்தேகம். ஏதாவது முக்கியமாகப் பேச வேண்டும் என்றால் போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு வருகிறாள்.

நம்பர் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். பில் போட மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. போன வாரம் மாமியாருக்கு முட்டி உறை வாங்கப் போனோம், கடையிலேயே நேரில். கல்லாவில் இருந்த பெண் "நம்பர் சொல்லுங்க" என்றாள். "நம்பர் வேண்டாங்க, பில் மட்டும் குடுங்க" என்றாள் மனைவி. அந்தப் பெண் தலையைத் தூக்காமல், "நம்பர் போடாட்டி பில்லே வராதுக்கா" என்று சொல்லிக்கொண்டே ஒன்பதைப் பத்து முறை தட்டினாள். பில் வந்தது. கீழே, அன்பான வாடிக்கையாளரே, இந்தக் கணக்கில் 48,310 புள்ளிகள் சேர்ந்துள்ளன என்று போட்டிருந்தது.