திட்டு இருந்தால் பெயின்ட் ஆகிவிடாது

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகள் சவாரி பழகுவதற்காக, பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக உள்ள ஒரு பெண் குதிரையைப் பார்த்தோம். புரோக்கர் அதை 'பெயின்ட்' என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரரோ 'வெறும் பின்டோ' என்கிறார். குதிரை சினையாக வேறு இருக்கிறது. "ஒரு விலைக்கு இரண்டு" என்று ஆசை காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பின்டோ என்பது நிறம், பெயின்ட் என்பது வம்சம். 1940இல் 'குவார்ட்டர்' என்ற அமெரிக்கக் குதிரை இனத்துக்குச் சங்கம் வைத்தவர்கள், உடம்பில் வெள்ளை அதிகம் உள்ளவற்றைப் பதிவேட்டில் ஏற்கவில்லை. அப்படித் தள்ளப்பட்ட குதிரைகளுக்காக 1960களில் தனிச் சங்கம் வந்தது. அதுதான் பெயின்ட்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். திட்டே இல்லாத பெயின்ட் குதிரையும் உண்டு. பெற்றோர் பெயின்டாக இருந்து குட்டி முழுப் பழுப்பாகப் பிறந்தாலும் அதைத் தனிப் பிரிவில் பதிவார்கள். ஆகவே திட்டு இல்லாத குதிரை பெயின்டாக இருக்கலாம், உடம்பெல்லாம் திட்டு உள்ள குதிரை பெயின்ட் அல்லாமலும் இருக்கலாம். கண் எதையும் தீர்மானிக்காது, சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் என்ற காகிதம்தான் தீர்மானிக்கும். "பேப்பர் தபாலில் வருகிறது" என்று புரோக்கர் சொன்னால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் உள்ள நெற்றி, கால் அடையாளங்களைக் குதிரையின் பக்கத்தில் நின்று ஒப்பிடுங்கள். வேறு குதிரையின் சான்றிதழை நீட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

சரி, சினைக்கு வருவோம். 'ஃபிரேம் ஓவரோ' என்ற திட்டு வகையின் மரபணு தாய், தகப்பன் இரண்டிலும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். பார்க்க அழகாக எழுந்து நின்று பால் குடிக்கும். ஆனால் குடலை இயக்கும் நரம்புகள் இல்லாததால் சாணம் போடாது. வயிற்று வலியில் புரண்டு ஓரிரு நாளில் இறந்துவிடும். சிகிச்சை கிடையாது. திட்டு அவ்வளவாகத் தெரியாத குதிரையிலும் இந்த மரபணு ஒளிந்திருக்கும். பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய இருபது முப்பது மயிர்களைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். தாய்க்கு இல்லையென்றால் இந்தக் கவலையே வேண்டாம். இருந்தால் தகப்பனின் சோதனை முடிவையும் கேளுங்கள்.

அப்புறம், வம்சாவளியில் 'இம்ப்ரெசிவ்' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1969இல் பிறந்த அந்தப் பரிசுக் குதிரையின் வழியில் ஒரு தசை நோய் பரவியிருக்கிறது. குதிரை திடீரென நடுங்கிச் சரியலாம், அதுவும் குழந்தை மேலே இருக்கும்போதே. அந்த நோயின் மரபணு தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்து இரண்டு பிரதியாக உள்ள குட்டிகளை, 2007 முதல் பிறந்தவை என்றால், குவார்ட்டர் சங்கம் பதிவதில்லை. ஒரு பிரதி உள்ளவற்றுக்கு மட்டும் இன்றும் கதவு திறந்தே இருக்கிறது! அந்த வழிக் குதிரைகளின் முறுக்கேறிய தசைக்குப் போட்டிகளில் பரிசு கிடைக்கிறதே, எப்படி மூடுவார்கள்?

தகப்பன் எது என்று சொல்லாவிட்டால் குட்டிக்கு ஒரு டாலர்கூடக் கூட்டித் தராதீர்கள். ஒரு குதிரைக்கு ஒரு விலை.